இரண்டாம் எழுத்து: எல்லையோரத்து மூன்று யாப்புகள்

யாப்பருங்கலக்காரிகைக்கு உரை செய்த குணசாகரர் தம் உரையில் ஒரு கன்னட நூலின் பெயரைச் சொல்கிறார். காரிகை, ஒரு பெண்ணை எதிரே இருத்தி, அவளை விளித்து இலக்கணம் சொல்லும் நூல். இதற்கு மகடூஉ முன்னிலை என்று பெயர். இந்த முறை எதைப் போன்றது என்றால், குணகாங்கியம் என்னும் கருநாடகச் சந்த நூலைப் போன்றது என்கிறார் அவர். அந்தக் குணகாங்கியம் இன்று கன்னடத்திலேயே கிடைக்கவில்லை. பெயர் மட்டும் தமிழ் உரையில் தங்கிவிட்டது. கன்னடத்தில் இன்று நம் கைக்குக் கிடைக்கும் பழைய யாப்பு நூல், 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாகவர்மன் இயற்றிய சந்தோம்புதி. அவரும் மனைவியை விளித்தே பாடம் நடத்துகிறார்.

ஓசூரிலிருந்து வரும் ஒரு மலருக்கு யாப்பைப் பற்றி எழுதச் சொன்னால் வேறெங்கே தொடங்குவது? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் உரைகாரருக்குப் பக்கத்து மொழியின் சந்த நூல் தெரிந்திருந்தது. படிப்பவருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் அதை உவமை காட்டியிருக்கிறார். இன்று நம் பகுதிப் பள்ளிகளில் தமிழாசிரியரும் தெலுங்கு ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் தேநீர் குடிக்கிறார்கள். தமிழ் எதுகையும் தெலுங்குப் பிராசமும் ஒரே சங்கதிதான் என்ற பேச்சு அங்கே எழுவது அபூர்வம்.

அத்திப்பள்ளி போனால் கர்நாடகம். வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் ஆந்திரம். தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர், பேரிகை, சூளகிரி வட்டாரத்து ஊர்களில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ, வாசலில் தமிழ், சந்தையில் மூன்றும். மொரசு நாடு என்ற பழைய பெயர் இப்போது கல்வெட்டிலும் சில சாதிப் பெயர்களிலும் மட்டும் இருக்கிறது. 1970களில் சிப்காட் வந்தபின் தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இந்த மும்மொழிப் பேச்சு முதலில் திகைப்பாக இருந்தது. இரண்டு தீபாவளிக்குள் பழகிவிட்டது. பேச்சில் இவ்வளவு எளிதாகக் கலந்தவர்கள், பாட்டின் இலக்கணத்தில் மட்டும் ஏன் ஒருவரையொருவர் அறியாமல் இருக்க வேண்டும்? காரிகை படித்தவருக்குத் தெலுங்கு, கன்னட யாப்பில் பாதி ஏற்கெனவே தெரியும் என்பது என் கட்சி. மீதிப் பாதி எங்கே பிரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அசையும் தளையும்

தமிழ் யாப்பில் எழுத்துச் சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீரும் சீரும் கட்டுண்பது தளை, சீர் அடுக்கினால் அடி. பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்தது. நேர், நிரை என்று அசை இரண்டு. குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும், ஒற்றோடு வந்தாலும் நேர். இரண்டு குறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ வந்தால் நிரை. அதன் பின் ஒற்று வந்தாலும் நிரையே.

பழைய நூல்களை மேற்கோள் காட்டுவதைவிட நானே ஒரு குறள் வெண்பா கட்டிவிடுகிறேன். பாட்டு சுமாராக இருந்தால் பாவம் எனக்கே.

எல்லைக்கல் நட்டார் எவரெவரோ ஊர்நடுவே
சொல்லுக்கோ இல்லை சுவர்.

எல்/லைக்/கல்: மூன்றும் நேர், தேமாங்காய். காய்ச்சீருக்குப் பின் நேர் வர வேண்டும், ‘நட்’ நேர். நட்/டார் தேமா. மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், ‘எவ’ நிரை. எவ/ரெவ/ரோ கருவிளங்காய், அடுத்து ‘ஊர்’ நேர். ஊர்/நடு/வே கூவிளங்காய், அடுத்த அடியில் ‘சொல்’ நேர். சொல்/லுக்/கோ தேமாங்காய், ‘இல்’ நேர். இல்/லை தேமா, ‘சுவர்’ நிரை. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். ‘சுவர்’ மலர்.

இப்போது ‘சுவர்’ இருக்கும் இடத்தில் ‘வேலி’யைப் போட்டுப் பாருங்கள். பொருளுக்குக் குறைவில்லை. ஆனால் ‘இல்லை’ என்ற மாச்சீருக்குப் பின் ‘வே’ என்று நேர் வந்து தளை தட்டுகிறது; ஈற்றுச் சீரும் நான்கு வாய்பாட்டுக்குள் அடங்கவில்லை. வெண்பா இரண்டு இடத்தில் உடைந்தது. ‘தடுப்பு’ போடலாம், பிறப்பு என்னும் வாய்பாடு, தளையும் சரி. ‘மதில்’ போடலாம்; அதுவும் மலர்தான். ஆனால் மதிலிலும் தடுப்பிலும் மோனை போய்விடுகிறது. ‘சொல்லுக்கோ… சுவர்’ என்று முதற்சீரும் மூன்றாஞ்சீரும் கைகோத்து நின்ற பொழிப்பு மோனை அவிழ்ந்துவிட்டது. இலக்கணப்படி பிழையில்லை, காதுக்குத்தான் நட்டம். வெண்பாப் புலவர்கள் ஒரு சொல்லுக்காக இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள் என்றால் இதனால்தான்.

தமிழ்ப் பாக்கள் நான்கில் வெண்பாதான் இவ்வளவு கறார். செப்பலோசை என்பார்கள், ஒருவர் கேட்க ஒருவர் நிதானமாக விடை சொல்வது போன்ற நடை. ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, சங்கப் பாடல்களில் பெரும்பாலானவை அதில்தான். கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல். வஞ்சிப்பாவை இன்று யாரும் எழுதுவதில்லை, விட்டுவிடலாம்.

யாப்பிலும் பள்ளிகள் உண்டு. தொல்காப்பியர் நேர், நிரையோடு நேர்பு, நிரைபு என்று இன்னும் இரண்டு அசை சொன்னார். பின்வந்த, காரிகை இயற்றிய அமிதசாகரர் வழியினர் அவ்விரண்டையும் கழித்துவிட்டார்கள். ஆனால் வெண்பாவின் ஈற்றுச் சீரில் காசு, பிறப்பு என்று இரண்டு வாய்பாடு நிற்கிறதே, அவை பழைய நேர்பு, நிரைபின் மிச்சம்தான். பாட்டனார் வீட்டை இடித்துக் கட்டியபின் ஒரு தூணை மட்டும் திண்ணையில் விட்டுவைத்தது போல. மறுபக்கம், தொல்காப்பியர் சொல்லாத தாழிசை, துறை, விருத்தம் என்னும் பாவினங்களைக் காரிகை வரையறுத்துக் கொடுத்தது. சிந்தாமணியும் கம்பனும் வில்லியும் விருத்தத்தில் ஓடினார்கள்.

பக்கத்து வீட்டுக் கணக்கு

தெலுங்கு, கன்னட யாப்பின் அடிப்படை அலகு லகுவும் குருவும். குறில் லகு, நெடிலும், ஒற்று அடுத்த குறிலும் குரு. தமிழன் இடறும் இடம் இதுதான். நமக்கு ‘ப’ தனித்து நின்றாலும் ‘பா’ நின்றாலும் நேரசை ஒன்றே. அவர்களுக்கு ‘ப’ ஒரு மாத்திரை, ‘பா’ இரண்டு. நாம் எழுத்தைச் சேர்த்துக் கட்டி எண்ணுகிறோம், அவர்கள் ஒலிக்கும் நேரத்தை எண்ணுகிறார்கள். நம் வண்ணப்பாட்டிலும் திருப்புகழ்ச் சந்தத்திலும் இந்த மாத்திரைக் கணக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே நமக்கும் அது முற்றிலும் அன்னியமில்லை.

இவ்விரு மொழிகளிலும் வடமொழி விருத்தங்கள் ஒரு பக்கம். நாட்டு மண்ணுக்கே உரிய பா வகைகள் இன்னொரு பக்கம். நாகவர்மன் கன்னட நாட்டுக்கு உரியவை என்று தனியே பிரித்து இலக்கணம் சொன்னவை இந்த இரண்டாம் வகை. இவற்றின் சீர்களுக்குக் கன்னடத்தில் பிரம்ம கணம், விஷ்ணு கணம், ருத்ர கணம் என்று பெயர். தெலுங்கில் சூரிய கணம், இந்திர கணம், சந்திர கணம். அவர்கள் தெய்வங்களை அழைக்க, நாம் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று தோப்புக்குள் போய்விட்டோம். காயும் கனியும் கூட உண்டு.

தெலுங்கில் ஆட்டவெலதி என்ற பா. நான்கு அடி. ஒன்றாம் மூன்றாம் அடிகளில் மூன்று சூரிய கணமும் இரண்டு இந்திர கணமும். இரண்டாம் நான்காம் அடிகளில் ஐந்தும் சூரிய கணம். சூரிய கணம் மூன்று மாத்திரைச் சிறு சீர், இந்திர கணம் அதைவிட நீளம். நீண்ட அடி, குறுகிய அடி, நீண்ட அடி, குறுகிய அடி என்று வரும்போது ஓர் ஊஞ்சல் அசைவு கிடைக்கிறது. வேமனர் தம் பாடல்களைப் பெரும்பாலும் இதில்தான் சொன்னார். சூளகிரிப் பக்கத்துத் தெலுங்குக் கிழவிகள் எழுதப் படிக்கத் தெரியாமலே வேமனரைச் சொல்வதற்கு இந்த அசைவுதான் காரணம் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் ஔவையின் மூதுரையும் நல்வழியும் வெண்பாவில் இருந்தும் வாய்மொழியாய் நின்றன. வெண்பா கடினம் என்று அஞ்சுபவர்கள், அதை எழுதுவதுதான் கடினம், நினைவில் வைப்பது எளிது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கன்னடத்தில் திரிபதி. மூன்றே அடி. நான்கு, நான்கு, மூன்று என்று பதினோரு சீர். ஆறாவது சீரும் பத்தாவது சீரும் சின்ன பிரம்ம கணம், மற்றவை விஷ்ணு கணம். பாதாமியில் உள்ள கப்பெ அரபட்டன் கல்வெட்டில், ஏறத்தாழ கி.பி. 700இல், இந்தத் திரிபதி வந்துவிட்டது. சர்வக்ஞர் அதில் பாடினார். பெண்கள் கல்லில் மாவரைத்துக்கொண்டே பாடும் பாட்டும் திரிபதிதான். பாடும்போது இரண்டாம் அடியைத் திரும்பச் சொல்வார்கள். மூன்று அடி நான்காகி மெட்டு நிரம்பும். ஏட்டில் ஓர் அடி குறைகிறதே என்று தோன்றினால் பாடிப் பாருங்கள்.

வசனத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணரும் அல்லம பிரபுவும் அக்கமாதேவியும் கணத்தையெல்லாம் உதறிவிட்டுப் பேச்சு நடையிலேயே பாடினார்கள். ஒவ்வொருவருக்கும் பாட்டின் முடிவில் தம் இறைவன் பெயரில் ஒரு முத்திரை, அங்கிதம் என்பார்கள். பசவண்ணருக்குக் கூடலசங்கமதேவர், அக்கமாதேவிக்குச் சென்னமல்லிகார்ஜுனர். புதுக்கவிதை இருபதாம் நூற்றாண்டு இறக்குமதி என்று மேடையில் யாராவது பேசினால், அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டலாம்.

இரண்டாம் எழுத்து

மூன்று யாப்பும் ஒன்றாக உட்காரும் திண்ணை எதுகை. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது தமிழில் எதுகை. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதுவேதான் பிராசம். பழைய வடமொழி யாப்பில் இப்படி ஒரு கட்டாயம் இல்லை. தெற்கத்தியரின் காது முதல் எழுத்தைக் கேட்டுவிட்டு இரண்டாவதுக்குக் காத்திருக்கிறது.

ஒற்றுமை இன்னும் ஆழமாகப் போகிறது. தமிழில் எதுகைக்கு ஒரு நிபந்தனை: முதல் எழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘கல்வி’க்குச் ‘செல்வம்’ எதுகையாகும், ‘கால்வாய்’ ஆகாது. கன்னட இலக்கணக்காரர்கள் இதே விதியை விலங்குகளின் பெயரால் சொன்னார்கள். முதல் எழுத்துக் குறிலானால் சிங்கப் பிராசம், நெடிலானால் யானைப் பிராசம், அனுசுவாரம் வந்தால் காளைப் பிராசம். இப்படி ஆறு. சிங்கத்துக்கு யானையைக் கட்டக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் எதுகை விதி ஆயுசுக்கும் மறக்காது.

பிரியும் இடமும் உண்டு. நமக்கு ஒற்றும் ஓர் எழுத்து. ஆகவே ‘எல்லை’, ‘செல்வம்’ இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘ல்’ என்று எதுகை கொண்டுவிடுவோம். தெலுங்குக்காரர் ஒப்ப மாட்டார். அவர் கணக்கில் முன்னதில் ல்லகரம், பின்னதில் ல்வகரம், இரண்டும் வேறு. என் குறளில் ‘எல்லை, சொல்லு’ என்று வைத்ததால் இரு வீட்டாரிடமும் தப்பித்தேன்.

மோனையின் கதை இதைவிடச் சுவையானது. தெலுங்கில் அதற்கு யதி அல்லது வடி. அடியின் முதல் எழுத்துக்கு இணையான எழுத்து, அந்த அடியிலேயே குறிப்பிட்ட இடத்தில் வர வேண்டும். எந்த உயிரோடு எந்த உயிர் இணையும்? அ, ஆ, ஐ, ஔ ஒரு குழு. இ, ஈ, எ, ஏ ஒரு குழு. உ, ஊ, ஒ, ஓ ஒரு குழு. தமிழ் படித்தவர் திடுக்கிட வேண்டும். நம் மோனையின் உயிர்க் குழுக்களும் இவையேதான், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. என் குறளில் ‘சொல்’லுக்குச் ‘சுவர்’ மோனையானது ஒகரமும் உகரமும் ஓரினம் என்பதால். தெலுங்குப் புலவரும் தலையாட்டுவார். இடத்தில்தான் வேறுபாடு. நாம் இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய், முற்று என்று எங்கே வந்தாலும் ஒரு பெயர் கொடுத்து வரவேற்கிறோம். தெலுங்கில் பாவுக்குப் பா யதியின் இடம் நிலையானது, தவறினால் பிழை. கன்னடத்தில் யதி என்றால் வெறும் நிறுத்தம். அதையும் புலவர்கள் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் பிராசத்தில் கைவைக்க மாட்டார்கள். ஆக, தமிழுக்குத் தளை, தெலுங்குக்கு யதி, கன்னடத்துக்குப் பிராசம். எது கெட்டால் அந்தந்த ஊர்ப் புலவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தால் தராதரம் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு வருத்தம். ஆயுதபூஜைக்கும் பொங்கலுக்கும் நம் பகுதியில் வரும் மலர்களில் ஆலைத் தொழிலாளர்களின் கவிதைகளைப் படிக்கிறேன். விஷயம் பிரமாதமாக இருக்கிறது: இரவு ஷிப்ட், ஒப்பந்த வேலை, ஊரில் விட்டுவந்த தாய். ஆனால் பாட்டு என்றால் வரிக் கடைசியில் ஓசை ஒத்துப்போவது மட்டும்தான் என்று ஆகிவிட்டது. அது இயைபு. தொடைகளில் அதுவும் ஒன்று, மறுக்கவில்லை. சினிமாப் பாட்டு அதை மட்டும் காதில் ஊற்றியதால், வரியின் தலையில் இருக்க வேண்டிய மோனையும் எதுகையும் காணாமல் போயின. வாலை மட்டும் அலங்கரித்து மாட்டைச் சந்தைக்கு ஓட்டினால் விலை படியாது.

காஞ்சியிலிருந்து போன நூல்

யாப்பு எலும்பு என்றால் அணி நகை. அணி இலக்கணத்திலும் இந்த எல்லை வழியாக ஒரு பெரிய போக்குவரத்து நடந்திருக்கிறது. தண்டி, பல்லவர் காலத்துக் காஞ்சியில் இருந்தவர். காவியாதர்சம் என்ற வடமொழி நூலை 7ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதினார். அது தமிழுக்கு முன்பே கன்னடத்துக்குப் பெயர்ந்து போனது. ஏறத்தாழ கி.பி. 850இல், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் அவையில் ஸ்ரீவிஜயர் செய்த கவிராஜமார்க்கம் தண்டியைப் பெரிதும் ஒட்டிச் செல்கிறது. காவிரி முதல் கோதாவரி வரை கன்னட நாடு என்று எல்லை வகுத்த நூலும் அதுவே. அந்த நாட்டு மக்கள் படிக்காமலே கவி சொல்லத் தெரிந்தவர்கள் என்ற பெருமிதமும் அதில் உண்டு.

காஞ்சிக்குப் பக்கத்திலேயே இருந்த தமிழுக்குத் தண்டி தாமதமாகத்தான் வந்தார். 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியத்தில் அலங்காரம் ஒரு பகுதியாயிற்று. எழுத்து, சொல், பொருள் என்றிருந்த மூன்றோடு யாப்பும் அணியும் சேர்ந்து இலக்கணம் ஐந்தானது. அதன்பின் தண்டியலங்காரம். தன்மையில் தொடங்கிப் பாவிகம் வரை 35 பொருளணி. தண்டி சொன்ன வைதர்ப்பம், கௌடம் என்னும் இரு நெறிகளைத் தமிழ் நூல் அப்படியே வைதருப்பம், கௌடம் என்று எடுத்துக்கொண்டது. தெளிவும் ஒழுகிசையும் உள்ள நடை முன்னது. அடர்த்தியும் முழக்கமும் உள்ள நடை பின்னது. கவிராஜமார்க்கம் கொஞ்சம் சாமர்த்தியம் செய்தது. அதே இரட்டையைத் தன் கன்னட நாட்டுக்குள்ளேயே வடமார்க்கம், தென்மார்க்கம் என்று பொருத்திக்கொண்டது. இந்த விஷயத்தில் கன்னடத்தான் கெட்டிக்காரன் என்பேன். விதர்ப்பமும் கௌடமும் நமக்கு வெறும் பெயராகவே நின்றுவிட்டன.

இந்த நூல்களை அங்கும் இங்கும் கொண்டுபோனவர்கள் யார்? அமிதசாகரர் சமணர், ஸ்ரீவிஜயரும் சமணர். தெலுங்கின் பழைய யாப்பு நூலான கவிஜனாசிரயத்தை எழுதியவராக அறிஞர்கள் கருதும் மல்லிய ரேசனரும் சமணர்தான். தகடூராக இருந்த தருமபுரியில் சமணப் பள்ளியைச் சொல்லும் 9ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு, நுளம்பர் காலத்தது, இருக்கிறது. மைசூர்ப் பீடபூமிக்கும் தமிழ்ச் சமவெளிக்கும் நடுவே ஏறி இறங்கும் கணவாய்ப் பாதை நம்முடையது. துறவிகள் நடந்தார்கள், மூட்டையில் ஏடும் இருந்திருக்கும்.

கல்லில் நிற்கும் துறை

பொருளிலக்கணம் மட்டும் தமிழுக்கே உரிய தனிச்சொத்து. காவியத்தின் கருவை நிலத்தோடும் பூவோடும் கட்டிய திணைக் கோட்பாட்டுக்கு அண்டை மொழிகளின் இலக்கணத்தில் இணை கிடையாது. ஆனால் அந்தத் திணை சொல்லும் வாழ்க்கை அவர்களுக்கும் இருந்தது. அதற்குச் சாட்சி கிருஷ்ணகிரி மாவட்டமெங்கும் நிற்கும் நடுகற்கள்.

பகைவர் ஆநிரையைக் கவர்வது வெட்சி. அதை மீட்கப் போவது கரந்தை. தொல்காப்பியர் புறத்திணை ஏழு என்றார். கரந்தையை வெட்சிக்குள்ளேயே அடக்கினார். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித் திணையாக்கிப் பன்னிரண்டு என்றது. எந்தப் பள்ளி சரி? நம் வட்டாரத்துக் கற்களைப் பார்த்தால் எனக்கு வெண்பாமாலைப் பக்கம் மனம் சாய்கிறது. கல் நடப்பட்டது கவர்ந்தவனுக்கு அல்ல, பெரும்பாலும் மீட்கப் போய் மாண்டவனுக்கு. வில்லோ வாளோ ஏந்திய ஒருவன், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் சில மாடுகள், மேலே அவனை அழைத்துப்போகும் பெண்கள். எழுத்துள்ள கற்களில் தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு. கன்னடக் கற்கள் இதே நிகழ்வைத் துறுகோள் என்கின்றன. துறு என்றால் ஆநிரை.

கல்லைத் தேர்வதிலிருந்து வழிபடுவது வரை தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் அவன் நடுகல்லையும் ஔவையார் பாடினார். துறை கையறுநிலை, பா ஆசிரியப்பா. இலக்கணச் சொல், வரலாறு, ஊர் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்த பாட்டு அது. நம் மாணவர்கள் புறத்திணையைப் படிப்பது பாடப் புத்தகத்தில். ஊரெல்லையில் வேடியப்பன் என்று பொட்டு வைத்துக் கும்பிடுவதும் அதே புறத்திணையைத்தான் என்று ஆசிரியர் ஒரு சனிக்கிழமை அழைத்துப் போய்க் காட்டலாம்.

பாரதம் நடக்கும் இரவுகள்

இலக்கணம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கோடையில் திரௌபதி அம்மன் கோயில் அல்லது தருமராஜா கோயில் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் வில்லிபாரதத்து விருத்தத்தை ராகத்தில் எடுத்து, பாதியில் நிறுத்தி, பொருள் சொல்லி, ஊர்ச் சங்கதி ஒன்றைக் கோத்து, மறுபடி விருத்தத்துக்கு வருவார். நாலாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பாட்டு. மடக்கும் சந்தமும் நிறைந்த கடினமான நடை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள் அதைத் தலையசைத்துக் கேட்கிறார்கள்.

இரவு மேடையில் இன்னும் நுணுக்கமாகக் கவனிக்கலாம். இரண்டு பேர் திரை பிடிக்க, வேடக்காரர் பின்னால் நின்று முதலில் திரை விருத்தம் பாடுவார். தாளம் கிடையாது, குரல் மட்டும். சொற்கள் நீண்டு, சீருக்குச் சீர் மூச்சு வாங்கி, ராகம் உருவத்தை முன்னறிவிக்கும். விருத்தம் முடிந்த கணம் மத்தளம் விழுந்து திரைத் தரு தொடங்கும். இப்போது தாளக் கட்டு, கால் சலங்கை, பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுதல். திரை விலகியபின் வசனம், நடுவே கந்தார்த்தம், மறுபடி தரு. யாப்பு மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஆட்டம் மாறுகிறது, தாளம் மாறுகிறது, கதையின் வேகமும் மாறுகிறது. பா வகை எதற்கு இத்தனை என்று கேட்கும் கல்லூரி மாணவருக்கு ஒரு ராத்திரிக் கூத்து போதும்.

இந்தத் தருவும் கந்தார்த்தமும் தெலுங்குக் கூத்தான யட்சகானத்திலும் தருவு, கந்தார்த்தம் என்றே வழங்குகின்றன. கந்தம் என்பது தெலுங்கும் கன்னடமும் பங்குபோட்டுக்கொண்ட பா. நான்கு மாத்திரைச் சீர்களால் ஆனது. முதலடியில் மூன்று சீர், இரண்டாமடியில் ஐந்து, மீண்டும் மூன்று, மீண்டும் ஐந்து. கன்னடத்துச் சம்பூ காவியங்களிலும் தெலுங்குச் சுமதி சதகத்திலும் அதுவே. தமிழ்க் கூத்துக்கு வந்தபோது பழைய கணக்கு கழன்றது, பெயர் நிலைத்தது. கூத்து வாத்தியார்கள் இதற்காகக் கவலைப்பட்டதில்லை. வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று அவர்களுக்குள் தராதரச் சண்டைகள் வேறு உண்டு: அடவு எப்படி, முடி எவ்வளவு அகலம், எந்த ராகத்தில் கர்ணனைப் பாட வேண்டும் என்று. யாப்பு அவர்களிடம் காதில் இருக்கிறது, ஏட்டில் இல்லை.

தளிப் பக்கம் போனால் அதே பாரதம் கன்னடத்தில். 15ஆம் நூற்றாண்டில் கதக் ஊர்க் குமாரவியாசர் பாடியது, பாமினி சட்பதியில். ஆறு அடி. மூன்றும் நான்குமாக மாத்திரை அடுக்கிய சீர்கள். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்தாம் அடிகளில் 14 மாத்திரை, மூன்றாம் ஆறாம் அடிகளில் 23. ‘தகிட தகதிமி’ என்று தட்டிப் பாருங்கள், மிச்ர சாபு. குட்டையாக இரண்டடி, நீளமாக ஓரடி, மறுபடி அப்படியே. கதை படிக்கட்டில் இறங்குவது போலக் கடகடவென்று போகும். கமகம் என்ற பெயரில் இதை ராகத்தோடு வாசிக்க ஒரு மரபே கர்நாடகத்தில் இருக்கிறது. நம் பிரசங்கியாரின் பங்காளிகள் என்று கமகிகளைச் சொல்லலாம்.

தெலுங்கில் நன்னயர், திக்கனர், எர்ரனர் என்று மூவர் சேர்ந்து, 11ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை இழுத்துப் பதினெட்டுப் பருவத்தையும் முடித்தார்கள். வில்லிபுத்தூரார் பத்துப் பருவத்தோடு நிறுத்தினார். குமாரவியாசரும் பத்துப் பருவத்தோடுதான் நிறுத்தினார். நம் ஊர்த் திடலிலும் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம் முடிந்து, திரௌபதி கூந்தல் முடித்து, தருமருக்குப் பட்டாபிஷேகம் ஆனதும் பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள். சாந்தி பருவத்துக்குக் கூத்து வைத்த ஊரை நான் கேள்விப்பட்டதில்லை.